குருசடையா, ஜாலிபாயா, அகத்தியா, புறாத்தீவா? கொங்குநாட்டிலிருந்து ஒரு நாள் தீவுப் பயணம்

பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் இராப்பகலாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் லட்சத்தீவுக்கு டிக்கெட் தேட வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து நம் தென்னந்தோப்புகளை ஆட்டிவைக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் அரபிக்கடலையும் புரட்டிப்போடுகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கம் அலை உயர்ந்து, தண்ணீர் கலங்கி, சுற்றுலாப் படகுகள் கரையேறிவிடும். அதே மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை காற்றின் மறைவில் இருப்பதால் அமைதியாகக் கிடக்கிறது. ஒரு தீவில் பகல் முழுக்க இருந்து, பறவையும் ஆமையும் பார்த்து, மாஸ்க் மாட்டிக்கொண்டு பவளப்பாறை மேல் மிதந்துவிட்டு (இதைத்தான் ஸ்நார்க்கெலிங் என்கிறார்கள்) வர ஆசைப்படுகிறவர்கள் தீவின் போட்டோவைப் பார்ப்பதற்கு முன் காலண்டரைப் பார்க்க வேண்டும்.

திருப்பூரில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை போன் போட்டுக் கேட்டார்: "ஏனுங்க மச்சான், புள்ளைங்க ரெண்டும் மீனைப் பாக்கோணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. உங்க தங்கச்சிக்குத் தண்ணியில எறங்கவே பயம். எங்கம்மாவும் கூட வருவாங்க. எல்லாருக்கும் ஆகற மாதிரி எடம் எங்கீங்க இருக்குது?" இதே கேள்வியோடு இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. டாப்ஸ்லிப், வால்பாறை என்று காட்டைப் பார்த்தாயிற்று. வெள்ளோடு, நஞ்சராயன் குளத்தில் பறவை பார்க்கவும் பழகியாயிற்று. அடுத்தது கடல். ராமேஸ்வரம் பக்கம் குருசடை, கர்நாடகத்தில் நேத்ராணி, அந்தமானில் ஜாலிபாய், லட்சத்தீவில் அகத்தி, இலங்கையில் புறாத்தீவு என்று ஐந்து இடங்களைப் பற்றி அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பக்கத்தில் இருப்பது

தூரத்தை மட்டும் பார்த்தால் குருசடைத் தீவுதான் முதலில் நிற்கும். கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாக ராமேஸ்வரத்துக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. ராத்திரி ஏறிப் படுத்தால், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் மேல் கடலைப் பார்த்துக்கொண்டே காலையில் போய்ச் சேரலாம். பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறை படகில் கூட்டிப் போகிறார்கள். விமானம், பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு என்று எந்த அலைச்சலும் இல்லை. ஐந்து இடங்களில் செலவும் இதற்குத்தான் குறைவு.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். குருசடை அதில் ஒன்று. விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் வைத்துப் பாடத்தில் சொல்லித்தரும் பாலனோகிளாசஸ் என்ற புழு வாழும் இடம் இது. அதற்காகவே பல தலைமுறைக் கல்லூரி மாணவர்கள் இங்கே வந்து போயிருக்கிறார்கள். அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தடுக்கும் பாறையை எடுத்துவிட்டால் மணல் தீவு எத்தனை நாள் தாங்கும்? பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதைச் சொல்லிக் காட்டுங்கள். வேறெங்கும் இவ்வளவு நேராகப் புரியாது.

ஆனால் ஸ்நார்க்கெலிங்குக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். தேசியப் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்கி நீந்த முடியாது. முடியவும் கூடாது. தண்ணீரும் பல நாட்கள் கலங்கலாகவே இருக்கும். வியாபாரத்துக்காக வளர்க்கக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி குருசடைப் பக்கப் பவளத்தின் மேல் படர்ந்து மூடிய கதையும் உண்டு. வனத்துறைப் படகு, தீவு நடை, படகிலிருந்து தெரியும் பவளம், அவ்வளவுதான். அதோடு தனுஷ்கோடியைச் சேர்த்துக்கொண்டால் நல்ல நாளாக அமையும். மார்கழி, தை மாதங்களில் அங்கே பூநாரைகள் கூட்டமாக நிற்கும். 2025-ல் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். தனுஷ்கோடிச் சாலையில் ஒரு பக்கம் அலையடிக்கும் ஆண்கடலும் மறுபக்கம் அடங்கிக் கிடக்கும் பெண்கடலும் ஒருசேரத் தெரியும். வயதானவர்களுக்கு ராமநாதசுவாமி தரிசனமும் ஆகிவிடும். இரண்டு நாள் மட்டுமே கையில் இருக்கிற வீடு யோசிக்காமல் இங்கேயே போகலாம்.

நேத்ராணி

இதைச் சுருக்கமாகவே முடிக்கிறேன். கர்நாடகத்தில் முருடேஸ்வர் கரையிலிருந்து 19 கிலோமீட்டர் அளவில் அரபிக்கடலுக்குள் நிற்கும் பாறைத் தீவு நேத்ராணி. கோவையிலிருந்து மங்களூர் போய், கொங்கண் ரயிலில் முருடேஸ்வரிலேயே இறங்கலாம். செங்குத்துப் பாறையில் வெண்வயிற்றுக் கடற்கழுகு கூடு கட்டுகிறது. படகு நெருங்கும்போது தலைக்கு மேல் அது வட்டமிடுவதைப் பார்ப்பதற்கே போகலாம். ஆனால் தீவில் இறங்கி உட்காரக் கரை கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்ட படகிலிருந்து நேராக ஆழத்தில் குதிக்க வேண்டும். நன்றாக நீந்தும் இளவட்டங்களுக்கும் ஸ்கூபா கற்றுக்கொள்ள நினைக்கிறவர்களுக்கும் இது அருமையான இடம். அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிற இடம் இல்லை.

ஜாலிபாய்: முதல் தடவை போகிற குடும்பத்துக்கு

அந்தமான் என்றதும் ஹேவ்லாக்கைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அரசு இப்போது அதை ஸ்வராஜ் தீவு என்கிறது. அங்கே எலிஃபென்ட் பீச்சில் ஸ்நார்க்கெலிங் நடக்கிறது, ஆனால் சீசனில் படகுச் சத்தமும் கூட்டமும் தாங்காது. ஒரே ஒரு நாள் தீவு என்றால் நான் வண்டூர் பக்கம் கைகாட்டுவேன். ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) ஒரு மணி நேர கார் பயணம். அங்கே 1983-ல் அமைத்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் 15 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஜாலிபாய், ரெட்ஸ்கின் இரண்டுக்கு மட்டும் பயணிகளை விடுகிறார்கள். அதுவும் ஒரே சமயத்தில் இரண்டையும் திறப்பதில்லை. நவம்பர் வாக்கில் தொடங்கி மே வரை ஜாலிபாய், மற்ற மாதங்களில் ரெட்ஸ்கின். ஒன்றுக்கு ஓய்வு கொடுத்து மற்றொன்றைத் திறக்கும் இந்த ஏற்பாட்டினால்தான் அங்கே பவளம் இன்னும் பார்க்கும்படி இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். விமானம் இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் இடம் கிடைக்காது.

காலையில் வண்டூர் படகுத்துறையில் முதலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பாட்டில், கேரி பேக், சிப்ஸ் பாக்கெட் எதுவும் உள்ளே போகாது. தீவில் கடை கிடையாது, டீக்கூடக் கிடைக்காது. நம் வீட்டுக்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. எவர்சில்வர் தூக்கில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டி, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டால் போதும். ஊறுகாயைப் பாக்கெட்டில் கொண்டுவந்து நுழைவாயிலில் மாட்டிக்கொள்ளாமல் சின்ன டப்பாவில் போட்டு வாருங்கள்.

படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலையாத்திக் காட்டுக்கும் சின்னச் சின்னத் தீவுகளுக்கும் நடுவில் போகிறது. திறந்த கடல் இல்லை என்பதால் குமட்டல் குறைவு. இதைப் பயண நேரம் என்று தூங்கிக் கழிக்க வேண்டாம். கடற்கழுகும், பாறையோரம் ஒற்றையாக நிற்கும் கருஞ்சாம்பல் கொக்கும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் கண்ணில் படும். தீவுக்குப் பக்கத்தில் போனதும் அடியில் கண்ணாடி பதித்த சிறிய படகுக்கு மாற்றி, பவளத்தின் மேல் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுக் கரையில் இறக்குகிறார்கள். எங்கள் மாப்பிள்ளையின் அம்மா மாதிரி தண்ணீரில் இறங்காதவர்களும் கோமாளி மீன் கடல் சாமந்திக்குள் புகுந்து வெளிவருவதைச் சேலை நனையாமல் பார்த்துவிடலாம். ஐந்து இடங்களில் இதை நான் முதலில் வைப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். வீட்டில் ஒருத்தர் கூடக் கரையில் பையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

தண்ணீருக்குள் இறங்குகிறவர்களுக்கு கைடு ஒருத்தர் கூட வருவார். இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து மெல்ல ஆழமாகும் கரை என்பதால் பயந்தவர்களும் பழகிவிடுவார்கள். தலையைத் தண்ணீருக்குள் வைத்ததும் ஒரு நிமிடம் அசையாமல் இருந்து காது கொடுங்கள். மொறுக் மொறுக் என்று ஏதோ கடிபடும் சத்தம் கேட்கும். கிளிஞ்சான் மீன் தன் கிளிமூக்கு வாயால் பாறையைச் சுரண்டித் தின்னும் சத்தம் அது. பாசியைத் தின்பதற்காகக் கல்லோடு சேர்த்துக் கடித்து, அரைத்து, பின்பக்கம் வெள்ளை மணலாக விட்டுக்கொண்டே போகும். நீங்கள் நின்று போட்டோ எடுத்த வெள்ளைக் கடற்கரையில் அந்த மணலும் கலந்திருக்கிறது. சத்தம் வந்த திசையில் மெதுவாகத் திரும்பினால் மீனே தெரியும். துரத்தினால் தெரியாது.

குறை இல்லாமலில்லை. தீவில் இருக்கக் கிடைப்பது சில மணி நேரம்தான். பவளமும் பழையபடி இல்லை. 2010-லும் 2016-லும் கடல் சூடானதில் அந்தமான் பவளம் நிறைய வெளுத்தது. கடலில் சூடு ஏறினால் பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது. பவளத்துக்கு அதனால் நிறமும் போகிறது, சாப்பாடும் போகிறது. அப்புறம் முதலை. அந்தமானில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. அலையாத்தி ஓடைகள் அவற்றின் இடம். 2010-ல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கெலிங் செய்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் நனைக்காதீர்கள், கைடு காட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். இது பயமுறுத்தச் சொல்வதில்லை. ஆனைமலைக் காட்டில் வண்டியை விட்டு இறங்காதே என்கிறார்களே, அதே ஒழுங்குதான்.

போக்குவரத்துச் செலவு கணிசமாகவே ஆகும். கோவையிலிருந்து சென்னை அல்லது பெங்களூர் போய் விமானம் மாற வேண்டும். சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். ஒரே நாளுக்காக இவ்வளவு தூரம் போகிறவர்கள் மறுநாள் மாலை சிடியா டாப்புவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவைகளுக்குப் பேர் போன கடலோரக் காடு. பைனாகுலர் மறக்க வேண்டாம்.

அகத்தி: ஆமைக்காகப் போக வேண்டிய இடம்

கடலுக்குள் என்ன தெரியும் என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் லட்சத்தீவை மிஞ்ச இந்தியாவில் இடம் இல்லை. இது என் கருத்து. ஆனால் அடித்துச் சொல்வேன். இங்கே 36 தீவுகளும் சேர்ந்தே 32 சதுர கிலோமீட்டர்தான். அவற்றைச் சுற்றிய நீலக் காயலோ 4,200 சதுர கிலோமீட்டர். வெளியே அலை பவளத் திட்டில் மோதி உடைய, உள்ளே மார்பளவுத் தண்ணீர் தெளிவாக நிற்கும். நம் ஊரிலிருந்து கிளம்புவதும் சுலபம்: ரயிலில் ஆலுவாவோ அங்கமாலியோ இறங்கினால் கொச்சி விமான நிலையம் பக்கம். அங்கிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அகத்தி. மலையாளம் தெரிந்தால் போதும், பேச்சுக்குக் கஷ்டம் இல்லை. பாலக்காட்டுப் பக்கம் சம்பந்தம் செய்த வீடுகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

அகத்திக் காயலில் பேராமைகள் வந்து மேய்வதைக் கரையில் நின்றே பார்க்கலாம். தண்ணீரில் மிதந்தபடி சற்றுத் தள்ளியிருந்து பார்த்தால், அது தலையைச் சாய்த்து, கடற்புல்லை ஒரு கடி கடித்து, இழுத்துப் பிய்த்து, மென்றுகொண்டே அடுத்த கட்டுக்கு நகர்வது தெளிவாகத் தெரியும். மூச்சுக்கு மேலே வரும்போது மூக்குத் துவாரம் திறந்து மூடும் சத்தம் கூடக் கேட்கும். ஆனால் இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு பிரச்சினையும் இருக்கிறது. ஆமைகள் கூட்டமாகச் சேர்ந்ததில் அங்கே கடற்புல் மொட்டையாகிவிட்டதை ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காங்கேயத்துக் கொறங்காட்டில் பட்டி மாற்றாமல் ஒரே இடத்தில் ஆட்டை விட்டால் கொழுக்கட்டைப் புல் வேரோடு போகிற மாதிரிதான். புல் போனால் அதில் வளரும் மீன் குஞ்சும் போகிறது. அதனால் மீனவர்களுக்கு ஆமை மேல் கோபம். ஆமைக்குப் பாதுகாப்பு வேண்டும், மீனவனுக்கும் சோறு வேண்டும். அங்கே போகிறவர்கள் படகுக்காரரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். போஸ்டரில் கிடைக்காத கடல் கிடைக்கும்.

அகத்தியிலிருந்து படகில் பங்காரமும் தின்னகராவும் போகலாம். இரண்டும் ஒரே காயலுக்குள் இருக்கின்றன. கவரத்தி அருகே பிட்டி என்ற மணல்திட்டு இருக்கிறது. ஆலா என்ற கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் இடம். அங்கே இறங்க அனுமதி இல்லை. யாராவது "நான் கூட்டிப் போறேன்" என்றால் மறுத்துவிடுங்கள். ஆள் இறங்கினால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும், முட்டை வெயிலில் வெந்துபோகும்.

சரி, இவ்வளவு நல்ல இடத்தை ஏன் முதலில் வைக்கவில்லை? அனுமதிதான் காரணம். லட்சத்தீவுக்குள் போக நுழைவு அனுமதி கட்டாயம். போலீஸ் சான்று உட்படக் காகிதங்கள் கேட்பார்கள். அங்கே தங்குமிடம் குறைவு, விமான இருக்கையும் குறைவு. பெரும்பாலும் தொகுப்புப் பயணமாகத்தான் போக முடியும். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே ஸ்நார்க்கெலிங் செய்த படங்கள் வந்தபின் கூட்டமும் கூடிவிட்டது. கப்பலில் போனால் கொச்சியிலிருந்து 14 முதல் 18 மணி நேரம். ராத்திரி கப்பலில் தங்கி, பகலில் தீவில் இறங்கி, மாலையில் கப்பலுக்குத் திரும்பும் வகைப் பயணம் நம் தலைப்புக்கு மிகப் பொருத்தம். ஆனால் கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு நடுக்கடலில் மாற வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது ஆகாது. இன்னொன்று, 2023 கடைசியிலிருந்து 2024 வரை கடல் சூடேறியதில் லட்சத்தீவுப் பவளம் கடுமையாக வெளுத்தது. மீன்களும் ஆமைகளும் நிறையவே இருக்கின்றன. பழைய வீடியோவில் இருக்கும் பவளத்தின் நிறங்களை மட்டும் எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

புறாத்தீவு: ஆடிக்கு

நமக்கு ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணமோ கிரகப்பிரவேசமோ இல்லாமல் மனிதர்கள் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் மாதம். அந்த நேரத்தில் மேலே சொன்ன எல்லாக் கடலும் கெட்டுக் கிடக்க, திருகோணமலை மட்டும் தெளிந்திருக்கும். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புறாத்தீவுக்குப் படகில் கொஞ்ச நேரம்தான். பாறைகளில் மாடப்புறா வாழ்வதால் இந்தப் பெயர். 2003-ல் தேசியப் பூங்கா ஆனது. மே முதல் செப்டம்பர் வரை இதற்கு சீசன்.

இங்கே போவதற்கு ஒரே காரணம் போதும்: சுறா. கருமுனைச் சுறாக் குட்டிகளும் பெரியவைகளும் ஆழமற்ற தண்ணீரில் வளைய வளைய வரும். இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரிலேயே பார்த்துவிடலாம். துடுப்பு நுனியில் மை தொட்ட மாதிரிக் கறுப்பு. மனிதர்களைக் கண்டால் அவைதான் விலகிப் போகும். முதல் படகில், காலை ஏழு எட்டு மணிக்கே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் வந்தால் சுறா ஆழத்துக்குப் போய்விடும், தண்ணீரும் கலங்கிவிடும். பவளத்தின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறவர்களையும் அப்போது பார்க்க நேரும். அது உயிர். நாம் ஒரு நிமிடம் மிதித்தது திரும்ப வளரப் பல வருஷம் ஆகும்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் இருப்பதால் கரூர், நாமக்கல், ஈரோட்டுக்காரர்களுக்குச் சௌகரியம். கொழும்பிலிருந்து திருகோணமலை ஆறு மணி நேரச் சாலை. வழியில் ஹபரணைப் பக்கம் மின்னேரியா. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஏரி வற்றிப் புல் முளைக்கும்போது அங்கே யானைகள் கூட்டம் கூட்டமாகச் சேரும். ஒரு நாள் யானை, ஒரு நாள் சுறா என்று வைத்துக்கொள்ளலாம். திருகோணமலையில் தமிழே போதும், கோணேஸ்வரமும் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா அனுமதி, வெளிநாட்டவருக்குத் தனியான நுழைவுக் கட்டணம் இவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் கட்டுவதைவிட நாம் கட்டுவது பல மடங்கு.

கிணற்று நீச்சல் போதுமா?

நம் பக்கத்து ஆண்கள் பலர் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். முதுகில் சுரைப்புருடையோ கேனோ கட்டி, மோட்டார் மேட்டிலிருந்து தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்தது. அந்தத் தைரியம் கடலிலும் கைகொடுக்கும். ஆனால் பழக்கம் வேறு. கிணற்றில் தலையைத் தூக்கி வைத்து, காலைப் பலமாக உதைப்போம். ஸ்நார்க்கெலிங்கில் முகம் கீழே, உடம்பு தளர்வு, கால் மெதுவாக. உப்புத் தண்ணீர் தானே தூக்கும். வேகமாக உதைத்தால் மணல் கிளம்பும், மீன் ஓடும், மூச்சு வாங்கும். மூக்கால் மூச்சு விடாமல் வாயால் மட்டும் விடுவதுதான் எல்லோருக்கும் முதல் பத்து நிமிடச் சிரமம். அதைத் தீவில் போய்ப் பழகினால் கிடைக்கிற கொஞ்ச நேரமும் வீண். கிளம்பும் முன் ஊரிலேயே நீச்சல் குளத்தில் மாஸ்க்கோடு சில நாட்கள் மிதந்து பாருங்கள். ஆழியாறு, பவானி ஆற்றில் வேண்டாம். அமராவதி அணையில் முதலையே இருக்கிறது.

மாஸ்க் வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தபின்னும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. மீசை அடர்த்தியாக இருந்தால் மூக்கடியில் தண்ணீர் கசியும். அந்த இடத்தில் வாஸலின் தடவிக்கொண்டால் அடைந்துவிடும். மீசையை எடுக்கத் தேவையில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க்குக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை தூரம் போயும் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும்.

வெயில் முதுகையும் கெண்டைக்காலையும்தான் பதம்பார்க்கும். சன்ஸ்க்ரீனை அப்பிக்கொண்டு பவளத்தின் மேல் மிதப்பதைவிட, முழுக்கை நீச்சல் பனியனும் முழுக்கால் லெகின்ஸும் நல்லது. சில சன்ஸ்க்ரீன்களில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் பவளத்துக்குக் கெடுதல். திருப்பூர்க்காரர்களுக்குத் துணியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை: பருத்தி நனைந்தால் கனக்கும், பாலியெஸ்டர் கலந்ததாகப் பாருங்கள். ஆஸ்துமா, இதய நோய், கட்டுப்படாத பிபி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைக் கூச்சப்படாமல் எல்லோரும் போடுங்கள். படகுக்காரர் மீனுக்கு பிஸ்கட் போடக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாதத்தை வைத்து முடிவு

அரையாண்டுத் தேர்வு லீவு, பொங்கல் லீவு இரண்டுக்கும் ஜாலிபாய்தான். டிசம்பரில் வங்கக்கடலில் புயல் ஏதாவது உருவானால் படகு நிற்கும் என்பதால் இரண்டில் பொங்கல் மேல். மாட்டுப்பொங்கலும் பூப்பறிக்கிற நோன்பும் முடித்துக்கொண்டு கிளம்பினால் வீட்டில் யாருக்கும் மனத்தாங்கல் இராது. பிப்ரவரி, மார்ச்சில் லீவு எடுக்க முடிகிற, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாத தம்பதிகள் அகத்திக்கு முயற்சி செய்யுங்கள். கடல் தெளிவாக இருக்கும், ஆனால் அனுமதி வேலையை மூன்று மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிட வேண்டும். ஏப்ரலில் முழுப்பரீட்சை முடிந்த கையோடு போவதானால் மறுபடியும் ஜாலிபாய். மே பாதிக்கு மேல் அந்தமானில் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் சுதந்திர தின லீவு வரை புறாத்தீவு. செப்டம்பர், அக்டோபர் காலாண்டு லீவை நம்பிக் கடலுக்கு விமான டிக்கெட் போட வேண்டாம். அப்போது ஒரு பருவம் முடிவதும் மற்றொன்று தொடங்குவதுமாக எந்தக் கடலும் நிலைகொள்ளாது. அந்த லீவுக்கு ராமேஸ்வரம் ரயில் போதும். அங்கேயும் அன்றைக்குப் படகு உண்டா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

எங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பொங்கல் லீவில் ஜாலிபாய் என்று சொல்லியிருக்கிறேன். அனுமதிச் சீட்டு விவரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் விமான டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை மட்டும் அங்கே போய் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.